பீஸ் ரேட், ஷிப்ட், லைன் ரேட், காண்ட்ராக்ட்: உங்கள் யூனிட்டுக்கு எது தோது?

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் முப்பது நாற்பது தையல் மெஷின் போட்டு பனியன், டி-ஷர்ட் யூனிட் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே குறைதான் பல குரலில் வருகிறது. "லைன்ல ஒரு டெய்லர் லீவு போட்டா அந்த மெஷின்ல யாருமே உட்கார மாட்டேங்கறாங்க." "புதுசா வந்த பொண்ணுக்கு ஒருத்தரும் வேலை சொல்லித் தர்றதில்லைங்க." "ஓவர்லாக்ல தப்பு நடக்குதுன்னு பிளாட்லாக்காரருக்குத் தெரியுது, ஆனா வாயே திறக்கறதில்லை." (லைன் என்றால் ஒரே உருப்படியைக் கைமாற்றிக் கைமாற்றித் தைக்கும் மெஷின் வரிசை. ஓவர்லாக் துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின், பிளாட்லாக் அடிமடிப்பு தைக்கும் மெஷின்.) கடைசியில் கேட்பது இதுதான்: டீம் ஒர்க் பற்றி யாரையாவது கூட்டிவந்து ஒரு நாள் வகுப்பு எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். அதற்கு முன்னால், சனிக்கிழமை சாயந்திரம் கொடுக்கும் கவரில் எதை எண்ணிக் காசு போடுகிறீர்கள் என்று பாருங்கள். பீஸை எண்ணிக் கொடுத்தால் பீஸ் வரும். நேரத்தை எண்ணிக் கொடுத்தால் ஆள் நேரத்துக்கு வருவார். பக்கத்து மெஷின்காரருக்குக் கை கொடுத்த கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் இல்லையென்றால், அந்த உதவியை ஒருவர் தன் கைக்காசைப் போட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அப்புறம் ஒற்றுமை இல்லை என்று அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

டெய்லரின் குணம் இருக்கட்டும். முதலில் சம்பள முறையைப் பார்ப்போம். இந்தப் பக்கம் புழக்கத்தில் இருப்பது நான்கு: தனி ஆள் பீஸ் ரேட், ஷிப்ட் சம்பளம், லைன் முழுவதற்கும் சேர்த்து ஒரு ரேட், உள் காண்ட்ராக்ட்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவு, பாஸான பீஸ். தைத்த பீஸ் வேறு, பாஸான பீஸ் வேறு. ஏற்றுமதி ஆர்டரில் இந்த வித்தியாசம் பயமுறுத்தும். 3,000 பீஸ் லாட் என்று வையுங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர் வழக்கமான லெவல் 2 முறையில் 125 பீஸை உருவி எடுப்பார். பெரிய குறைகளுக்கு ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற தர அளவு) 2.5 என்று பேசியிருந்தால், அந்த 125-ல் ஏழு குறை வரை பாஸ், எட்டாவது வந்தால் லாட் முழுதும் ஃபெயில். மொத்தப் பெட்டியையும் பிரித்து, 3,000 பீஸையும் மறுபடி செக்கிங் பண்ணி, மறுபடி மடித்து, மறுபடி பேக்கிங். ஷிப்மென்ட் தேதி தாண்டினால் விமானத்தில் அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான்.

இரண்டாவது அளவைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அடுத்தவருக்கு உதவும் நேரம், வேலை கற்றுக்கொடுக்கும் நேரம், தப்பைப் பார்த்து மெஷினை நிறுத்தும் நேரம்: இந்த மூன்றுக்கும் யார் காசு கொடுக்கிறார்கள்? முதலாளியா, அந்த டெய்லரா, குழுவா? இதற்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் யூனிட்டின் பழக்கவழக்கம்.

மூன்றாவது, ஆர்டரின் தன்மை. ஒரே வெள்ளை பனியனை வருஷம் முழுக்கத் தைப்பதும், வாரம் ஒரு ஸ்டைல் மாறுவதும் ஒன்றல்ல. நான்காவது, கணக்கு எழுதும் பாடு. ஐந்தாவது, ஆள் நிற்பது.

சட்டத்தை அளவுகோலில் சேர்க்கவில்லை. எந்த முறைக்குப் போனாலும் அது மாறுவதில்லை. பீஸ் ரேட்காரருக்கு பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் கிடையாது என்று இன்னமும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு. பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ, இருபது பேர் இருந்தால் பிஎஃப். முதலாளி பங்காக இஎஸ்ஐக்கு 3.25 சதவீதம், பிஎஃப்புக்கு 12 சதவீதம். போனஸ் குறைந்தது 8.33, அதிகபட்சம் 20. பீஸ் எவ்வளவு குறைந்தாலும் அன்றைய வருமானம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். ஒன்றரை ஷிப்டே (பன்னிரண்டு மணி நேரம்) இங்கே இயல்பான ஷிப்ட் ஆகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆடிட்டுக்கு ஒரு ரெஜிஸ்டர், சம்பளத்துக்கு ஒரு ரெஜிஸ்டர் என்று வைத்துக்கொண்டு, டெய்லர் மட்டும் உண்மையான கணக்கைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

## தனி ஆள் பீஸ் ரேட்

இதன் பலம் வேகம். அதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் நிறுவனம் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியபோது, ஆளுக்கு ஆன வேலை 44 சதவீதம் ஏறியது. 2000-ல் வெளியான ஆய்வு அது. ஆனால் அதில் பாதிதான் இருந்த ஆட்கள் வேகம் கூட்டியதால் வந்தது. மீதி, வேகமானவர்கள் தங்கியதாலும் புதிதாக வந்ததாலும் வந்தது. பீஸ் ரேட் ஆளை மாற்றுவதைவிட, ஆட்களைச் சலித்து எடுக்கிறது என்று படிக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். கண்ணாடி மாற்றுவது ஒரு ஆள் தனியாக ஆரம்பித்துத் தனியாக முடிக்கும் வேலை. யார் செய்தது என்ற குழப்பமே வராது.

சோமனூர் பக்கம் விசைத்தறியில் மீட்டர் கணக்கில் கூலி ஓடுவதும் இதனால்தான். தறி அவருடையது, துணி அவர் ஓட்டியது. டி-ஷர்ட் அப்படியல்ல. தோள் ஒருவர், கழுத்துப்பட்டி ஒருவர், கை ஒருவர், சைடு ஒருவர், அடிமடிப்பு பிளாட்லாக்கில் ஒருவர். முதல் ஆள் கொஞ்சம் கோணலாகத் தைத்தால் நாலாவது ஆளுக்குத்தான் துணி சேராது. அவர் இழுத்துப் பிடித்துத் தைத்து அனுப்பிவிடுவார். நிறுத்திப் பேசினால் அவருக்குப் பத்து பீஸ் நஷ்டம்.

பீஸ் ரேட் ஓடும் யூனிட்டில் சனிக்கிழமை மத்தியானம் போய் நின்று பாருங்கள். ஒவ்வொரு டெய்லரும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுப்பார். பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) நம்பர், பீஸ், தேதி என்று பென்சிலில் எழுதியிருக்கும். சூப்பர்வைசர் ரெஜிஸ்டரில் 1,140, நோட்டில் 1,164. வித்தியாசம் இரண்டு டஜன். "அது ஆல்டர் வந்ததுங்க, நான் திருப்பித் தச்சுக் கொடுத்துட்டேன்" என்று அவர். "செக்கிங்கில் வரவு ஆகலையே அம்மிணி" என்று இவர். செக்கிங் டேபிளில் இருக்கும் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அவர் யார் பக்கம் பேசினாலும் ஒரு பகை. இந்தப் பேச்சு ஒரு லைனுக்கு ஒரு மணி நேரம் இழுக்கும். அந்த ஒரு மணி நேரம் செலவுக் கணக்கில் எங்கேயும் ஏறுவதில்லை.

அதைவிடப் பெரிய மறைமுகச் செலவு ஆல்டரில் இருக்கிறது. தையலைப் பிரித்து மறுபடி தைப்பதற்குக் காசு கிடையாது என்பது பல இடத்தில் வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: தப்பு பண்ணியவர் சரிசெய்யட்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? தப்பைத் தானே கண்டுபிடித்துச் சொன்னால் தனக்குத்தான் நஷ்டம் என்று ஆனபின் யாரும் சொல்வதில்லை. பண்டிலுக்கு நடுவில் வைத்துக் கட்டிவிடுவார்கள். செக்கிங்கில் தப்பினால் லாபம். அப்படித் தப்பியது இன்ஸ்பெக்ஷனில் எட்டாவது பீஸாக வந்து நிற்கும்.

புது ஆளுக்கு வேலை பழக்குவதையும் சொல்ல வேண்டும். கைமடி (ஹெல்பர்) வேலைக்கு வந்த பையன் மெஷினில் உட்கார ஆசைப்பட்டால், பக்கத்து டெய்லர் நூல் கோர்க்கவும் டென்ஷன் பார்க்கவும் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் மெஷின் நிற்கிறது. இரண்டு நாள் முகதாட்சண்யத்துக்குச் செய்வார், மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். டெய்லர் கிடைப்பதில்லை என்று புலம்பும் யூனிட்டுகளில் பல, டெய்லர் உருவாகும் வழியைத் தாங்களே அடைத்துவைத்திருக்கின்றன.

அப்படியானால் பீஸ் ரேட்டே தப்பா? இல்லை. ஓஹியோவின் கிளீவ்லாந்தில் வெல்டிங் மெஷின் செய்யும் லிங்கன் எலெக்ட்ரிக் நிறுவனம் பல தலைமுறையாகப் பீஸ் ரேட்டில் பேர் வாங்கியது. அங்கே ஒரு உறுதி உண்டு: ஆள் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதற்காக ரேட்டைக் குறைப்பதில்லை, வேலை செய்யும் முறை மாறினால்தான் ரேட் மாறும். வருஷ போனஸுக்கு மதிப்பெண் போடும்போது, பீஸ் கணக்கோடு ஒத்துழைப்பையும் நம்பகத்தையும் பார்த்தார்கள். அதாவது, பீஸ் ரேட்டுக்கே பேர்போன இடத்தில்கூட ஒத்துழைப்புக்குத் தனியாக ஒரு பை வைத்திருந்தார்கள்.

நம் பக்கம் ரேட் விஷயத்தில் நினைவு நீளமானது. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் திருப்பூர். போன மாதம் வேகமாகத் தைத்தார்கள் என்று இந்த மாதம் ரேட்டில் இருபது பைசா குறைத்தால், அதற்கப்புறம் யாரும் தன் முழு வேகத்தை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள்.

யாருக்குத் தோது: ஒரே ஸ்டைல் மாதக்கணக்கில் ஓடும் உள்நாட்டு ஜட்டி, பனியன் வேலை. ஆள் ஆளாகப் பிரித்துக் காட்டக்கூடிய வேலை. பள்ளி விடும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டிய பெண்களுக்கும் இது வசதி. வந்த நேரத்துக்குத் தைத்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த வசதியைக் குழு முறைக்காரர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

## ஷிப்ட் சம்பளம்

இங்கே உதவும் நேரத்துக்கு முதலாளி காசு கொடுக்கிறார். அதனால் ஆளை மாற்றி உட்காரவைக்கலாம், புது ஸ்டைலுக்கு முதல் நாள் மெதுவாகப் போகலாம், தப்பு வந்தால் மெஷினை நிறுத்தலாம். யாருக்கும் பைசா நஷ்டமில்லை. வாரம் ஒரு ஸ்டைல் மாறும் ஏற்றுமதி யூனிட்டில் இது பெரிய நிம்மதி. பீஸ் ரேட்டில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ரேட் பேசுவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, சூப்பர்வைசரின் வாய். பீஸ் ரேட்டில் விரட்ட ஆள் தேவையில்லை, ஷிப்டில் தேவை என்று முதலாளி நினைக்கிறார். உடனே சத்தம் போடத் தெரிந்தவர் சூப்பர்வைசர் ஆகிறார். "என்ன அங்க பேச்சு" என்ற குரல் காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் ராத்திரி வரை நிற்பதில்லை. கத்துபவர் இருக்கும் லைனில் தப்பைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? நேரத்துக்குக் காசு கொடுத்து நீங்கள் வாங்கிய நன்மையைச் சூப்பர்வைசர் வாயாலேயே அழித்துவிடுவார். ஷிப்ட் சம்பளத்துக்குப் போகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது சூப்பர்வைசரின் வேலையை. மணிக்கு ஒரு தடவை போர்டில் பாஸான பீஸ் எத்தனை என்று எழுதுவது, எந்த மெஷினில் வேலை குவிகிறது என்று பார்த்து ஆளை நகர்த்துவது, நூல், ஊசி, பண்டில் தடையில்லாமல் வரச்செய்வது. இந்த மூன்றும் போதும்.

இரண்டாவது செலவு, கெட்டிக்காரர் போய்விடுவது. நாளுக்கு 90 பீஸ் அடிப்பவருக்கும் 60 அடிப்பவருக்கும் ஒரே சம்பளம் என்றால், 90 அடிப்பவர் பக்கத்துத் தெருவில் பீஸ் ரேட் யூனிட்டுக்குப் போய்விடுவார். இதற்கு மருந்து உண்டு: கிரேடு. ஒரு மெஷின் தெரிந்தவர், இரண்டு மெஷின் தெரிந்தவர், மூன்றும் தெரிந்து சொல்லியும் தருபவர் என்று மூன்று படி. வேகத்துக்குத் தராமல், தெரிந்த வேலைக்குத் தருவது. இப்படிச் செய்தால் லீவு போட்டவரின் மெஷினில் உட்காரவும் ஆள் கிடைக்கும்.

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் யோசிக்காமல் ஷிப்ட் என்றுதான் சொல்வேன். கடைசல் வேலையில் செட்டிங்குக்கே நேரம் ஆகும். பீஸ் ரேட் போட்டால் ஆபரேட்டர் முதலில் மிச்சம் பிடிப்பது அளவு பார்க்கும் நேரத்தை. ஐந்து பீஸுக்கு ஒரு தடவை கேஜ் போட வேண்டியவர் ஐம்பதுக்கு ஒரு தடவை போடுவார். டூல் தேய்ந்தது தெரியாமல் ஒரு பெட்டி ஷாஃப்ட் கழிவாகும். பிரித்துத் தைக்க அது துணியும் இல்லை.

யாருக்குத் தோது: ஸ்டைல் அடிக்கடி மாறும் யூனிட், சாம்பிள் செக்‌ஷன், கட்டிங், செக்கிங். செக்கிங்குக்கு எந்தக் காரணம் கொண்டும் பீஸ் ரேட் வேண்டாம். பார்க்காமல் தள்ளிவிடச் சொல்லி நீங்களே காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

## லைன் ரேட்

ஒரு லைனில் பத்துப் பேர். பாஸான பீஸுக்கு இவ்வளவு என்று லைனுக்கு மொத்தமாக ரேட். வாரக் கடைசியில் பங்கு பிரித்துக்கொள்வது. புதுசு என்று தோன்றினாலும் நம் ஊர் வயலில் இது பழையதுதான். கரும்பு வெட்டும் குழு டன் கணக்கில் கூலி வாங்கித் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறது. வெட்டுபவர், கட்டுபவர், லோடு ஏற்றுபவர் என்று தனித்தனி ரேட் பேசுவதில்லை.

பிரிக்கும் விதத்தை ஒரு கணக்காகப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். பிளாட்லாக் இரண்டு பேருக்கு ஆளுக்கு 1.2 பங்கு, ஓவர்லாக்கும் சிங்கரும் (சாதாரண நேர்த்தையல் மெஷின்) சேர்ந்து ஆறு பேருக்கு ஆளுக்கு 1 பங்கு, ஹெல்பர் இரண்டு பேருக்கு ஆளுக்கு 0.8. மொத்தம் பத்துப் பங்கு. வாரத்தில் 3,600 பீஸ் பாஸ் ஆகி, பீஸுக்குப் பத்து ரூபாய் என்றால் 36,000. ஒரு பங்குக்கு 3,600. பிளாட்லாக்காரருக்கு 4,320, ஹெல்பருக்கு 2,880. ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் அவர் பங்கில் ஆறில் ஒரு பாகம் கழியும். இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போனில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை சின்ன நோட்டுக்கு வேலை இல்லை.

உதவும் நேரத்துக்கு இங்கே குழு காசு கொடுக்கிறது, குழுவே லாபமும் பார்க்கிறது. ஓவர்லாக்கில் தப்பு வந்தால் பிளாட்லாக்காரர் உடனே குரல் கொடுப்பார், ஏனென்றால் பாஸாகாத பீஸுக்கு அவருக்கும் காசு இல்லை. ஹெல்பருக்கு மெஷின் பழக்கினால் லைன் வேகம் கூடும் என்று சொல்லித்தருவார்கள்.

வெளியில் இதற்கு இரண்டு விதமான அனுபவமும் உண்டு. கலிஃபோர்னியாவின் நாபாவில் கோரெட் என்ற பெண்கள் ஆடைத் தொழிற்சாலை 1995 முதல் 1997 வரை தனி பீஸ் ரேட்டிலிருந்து குழு பீஸ் ரேட்டுக்கு மாறியது. உற்பத்தி சராசரியாக 14 சதவீதம் ஏறியது. ஆச்சரியம் என்னவென்றால், முதலில் குழுவில் சேர முன்வந்தவர்கள் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்த வேகமான டெய்லர்கள். திறமை கூடுதலாகவும் குறைவாகவும் கலந்திருந்த குழுக்கள்தான் நன்றாகச் செய்தன. இதற்கு நேர்மாறாக, லீவைஸ் நிறுவனம் 1992-ல் தன் அமெரிக்கத் தொழிற்சாலைகளைக் குழு முறைக்கு மாறச் சொன்னது. அங்கே வேகமானவர்களின் சம்பளம் குறைந்தது, மெதுவானவர்கள் மேல் எரிச்சல் வளர்ந்தது, லைனுக்குள் ஏச்சும் மிரட்டலும் வரை போனது. நாபாவில் முதலில் விரும்பியவர்கள் சேர்ந்தார்கள். லீவைஸில் மேலிருந்து உத்தரவு வந்தது. காரணம் அது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

நம் ஊரில் இந்த முறைக்கு வரும் சிக்கல்கள் அமெரிக்காவில் வராதவை. உறவுக்காரர்களையோ ஒரே ஊர்க்காரர்களையோ ஒரு லைனில் போட்டால் பங்கு பிரிப்பதில் சண்டை வராது, வேலையும் ஓடும். ஆனால் ஊரில் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டினால் லைனே காலி. ஒடிசா, பீகார் ஆட்கள் ஒரே லைனில் இருந்தால் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் அதே கதை. கலந்து போட்டால் விடுமுறை சமாளிக்கலாம், ஆனால் தப்பைச் சொல்வதற்கு மொழி வேண்டும். தமிழ் டெய்லர் சைகை காட்ட, ஒடியா பையன் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வான். இரண்டு மொழியும் அரைகுறையாகவாவது தெரிந்த ஒருவர் லைனில் இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் கஷ்டம்.

இதைவிடக் கூர்மையான சிக்கல் ஐந்தரை மணிப் பிரச்சினை. லைன் ராத்திரி எட்டரை வரை ஓடுகிறது, குழந்தையைக் கூப்பிடப் போகும் அம்மா ஐந்தரைக்குக் கிளம்புகிறார். தனி பீஸ் ரேட்டில் அது அவர் பாடு. லைன் ரேட்டில் ஒன்பது பேர் அவரைப் பார்ப்பார்கள். மாசத்துக்குள் அவர் நின்றுவிடுவார், நீங்கள் யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். மாதவிடாய் வலியில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வருபவருக்கும் இதே கதிதான். இதைச் சரிக்கட்ட ஒரே வழி, எட்டு மணி நேர லைன்கள் தனி, கூடுதல் நேர லைன்கள் தனி என்று பிரிப்பது. பங்கை நாளால் பிரிக்காமல் மணியால் பிரிப்பதும் உதவும்.

எனக்குப் பிடித்தது இந்த முறையில் ஒரு கலப்பு: ஷிப்ட் சம்பளம் அப்படியே நிற்கும், அதற்கு மேல் லைனுக்கு ஒரு ஊக்கத்தொகை. மேலே சொன்ன லைனையே எடுத்துக்கொண்டால், நாளுக்கு 500 பீஸ் பாஸ் ஆவது அடிப்படை. அதற்கு மேல் பாஸாகும் ஒவ்வொரு பீஸுக்கும் ஆறு ரூபாய் லைன் பையில் சேரும். 600 பாஸானால் 600 ரூபாய், பத்துப் பேருக்கு. ஆளுக்கு அறுபது ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் ஒருவர் லீவு போட்டதால் யாருடைய வயிற்றிலும் அடி விழுவதில்லை. கோபமும் அந்த அளவுக்கே இருக்கும்.

யாருக்குத் தோது: வேலை கைமாறிக் கைமாறிப் போகும் லைன்கள், தரம் கேட்கும் ஆர்டர்கள், ஆள் பழக்க வேண்டிய கட்டாயம் உள்ள யூனிட்டுகள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவாகப் போடாதீர்கள். இருபது பேரானால் யார் சோம்பினார் என்று யாருக்கும் தெரியாது.

## உள் காண்ட்ராக்ட்

மெஷின், கரண்ட், கட்டிடம் உங்களுடையது. ஆட்களைக் கூட்டிவந்து தைத்துக் கொடுப்பது காண்ட்ராக்டர் பொறுப்பு. பீஸுக்கு இவ்வளவு என்று அவரிடம் பேசிவிட்டால் சம்பளத் தலைவலி இல்லை.

தலைவலி இல்லை என்பது பாதி உண்மை. அவர் சம்பளமோ பிஎஃப்போ கட்டாமல் போனால், சட்டம் உங்களிடம்தான் வரும். ஆட்கள் அவருக்குக் கடன்பட்டவர்களாக இருப்பார்கள், முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதனால் யார் என்ன வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. பழக்கவழக்கத்தைப் பற்றிப் பேச இங்கே ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அது உங்கள் யூனிட்டுக்குள் நடந்தாலும் அவருடைய யூனிட். ஒரு நாள் பக்கத்தில் யாரோ ஐம்பது பைசா கூட்டிக் கொடுத்தால், முப்பது பேரும் திங்கட்கிழமை வர மாட்டார்கள்.

யாருக்குத் தோது: எதிர்பாராமல் வந்த ஒரு பெரிய ஆர்டர், இரண்டு மாத வேலை, அதற்கப்புறம் தேவையில்லை என்ற நிலை. எல்லா லைனையும் இப்படி ஓட்டிவிட்டு, நம் ஆட்களுக்குக் கம்பெனிப் பற்று இல்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவு | பீஸ் ரேட் | ஷிப்ட் | லைன் ரேட் | காண்ட்ராக்ட் |
|---|---|---|---|---|
| வேகம் | அதிகம் | ஆளைப் பொறுத்தது | நன்று, செட் ஆக நாள் எடுக்கும் | அதிகம் |
| பாஸாகும் பீஸ் | தப்பு மறையும் | நன்று | மிக நன்று | காண்ட்ராக்டரைப் பொறுத்தது |
| உதவும் நேரத்துக்குக் காசு | டெய்லர் கையிலிருந்து | முதலாளி | குழு | யாரும் இல்லை |
| ஸ்டைல் மாறும்போது | ரேட் தகராறு | தொல்லை இல்லை | ஸ்டைலுக்கு ஒரு ரேட் போதும் | மறுபேச்சு |
| கணக்கு வேலை | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு |
| மறைமுகச் செலவு | ஆல்டர், சனிக்கிழமைத் தகராறு | சூப்பர்வைசர், கெட்டிக்காரர் போவது | உள்ளுக்குள் நெருக்கடி | சட்டப் பொறுப்பு, மொத்தமாகப் போவது |
| சீக்கிரம் கிளம்பும் பெண்களுக்கு | வசதி | வசதி | தனி லைன் இருந்தால் மட்டும் | அவர் சொல்வதுதான் |

முப்பது நாற்பது மெஷின், ஏற்றுமதி ஜாப் ஒர்க், மாதம் மூன்று நான்கு ஸ்டைல் என்ற அளவில் இருப்பவருக்கு நான் சொல்வது ஷிப்ட் சம்பளமும் லைன் ஊக்கத்தொகையும் சேர்ந்த கலப்புதான். உள்நாட்டு பனியன் மட்டும் என்றால் பீஸ் ரேட்டை விட வேண்டியதில்லை. அதில் இரண்டைத் திருத்துங்கள்: டெய்லர் தானே கண்டுபிடித்துச் சொன்ன ஆல்டரைச் சரிசெய்யக் காசு கொடுங்கள், செக்கிங்கில் மாட்டினால் வேண்டாம். புது ஆளுக்குப் பழக்கும் டெய்லருக்கு அந்த நாட்களின் சராசரி வருமானத்தைக் கொடுங்கள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு லாட் ஃபெயிலானால் ஆவதைவிடக் குறைவு.

## மாற்றுவது என்றால்

தீபாவளிக்கு முன்னால் தொடாதீர்கள். போனஸ் கணக்கும் ஷிப்மென்ட் நெருக்கடியும் சேரும் மாதங்களில் எந்த மாற்றமும் போனஸைக் குறைக்கும் வழியாகத்தான் பார்க்கப்படும். பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பும் வாரம் நல்ல சமயம். புது ஆட்களும் அப்போதுதான் வருவார்கள்.

ஒரே ஒரு லைனில் ஆரம்பியுங்கள், கேட்டு வந்தவர்களை மட்டும் வைத்து. எல்லோருக்கும் முன்னால் கூட்டம் போட்டு அறிவிப்பதற்கு முன், உங்கள் யூனிட்டிலேயே அதிகம் சம்பாதிக்கும் டெய்லரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இழக்கப்போவது அவர்தான், அது அவருக்குத் தெரியும். பங்கில் 1.2 கொடுப்பதா, பழக்கும் வேலைக்குத் தனித்தொகையா என்று அவரிடமே கேட்கலாம். அவர் வேண்டாம் என்றால் பீஸ் ரேட் லைனிலேயே இருக்கட்டும். அவரை வற்புறுத்தி உட்காரவைத்த குழு ஒரு மாசம் தாங்காது.

மூன்று மாதத்துக்குப் பழைய கணக்கும் புதுக் கணக்கும் சேர்த்து எழுதுங்கள். ஒருவருக்குப் புதியதில் குறைந்தால் வித்தியாசத்தை நீங்கள் போடுங்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்றன்று பாஸான பீஸ், ஆல்டர், லைன் பையில் சேர்ந்த தொகை மூன்றையும் செக்கிங் டேபிள் பக்கத்துச் சுவரில் எழுதிப் போடுங்கள், தமிழிலும் இந்தியிலும். ஒடியா எழுதத் தெரிந்தவர் லைனில் இருந்தால் அவரையே எழுதச் சொல்லலாம்.